நாரை ஏறிய வாழ்த்து

— கா-யூட், அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்? நான் மைக்கைக் கீழ வைக்கறதுக்குள்ள ஹாலே கப்சிப்னு ஆயிடுச்சே!

— என்ன சொன்னியா? எங்கப்பாவோட எழுபதாவது பிறந்தநாள் விருந்துல, அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி, "நாரை ஏறி மேற்கே போங்க"ன்னு வாழ்த்தியிருக்கே லோக்-மான்!

— நாரைன்னா நீண்ட ஆயுசுதானே?

— அது "பைன் மரம்போல, நாரைபோல நீடு வாழ்க". அந்த நாலெழுத்துச் சீனப் பழமொழியில நாரை சிவனேன்னு நிக்கும். நீ சொன்ன நாலெழுத்துல ஆளையே தூக்கிட்டுப் போயிடும். சாவு வீட்டு மலர்வளையத்துல எழுதறதுடா அது!

— ஐயையோ! டொரான்டோவுல வளர்ந்தவனுக்கு ரெண்டு நாரையும் ஒண்ணுபோலத்தானே தெரியும்?

— உன்னை யாரு நாலெழுத்துல பேசச் சொன்னா? ஹாங்காங்ல பொறந்த நானே அந்தப் பக்கம் போகமாட்டேன்.

— உங்கப்பாதான்! "மாப்பிள்ளையோட கான்டனீஸ் நூடுல்ஸ் வாங்க மட்டும்தான் உதவும்"னு புத்தாண்டு அன்னிக்குச் சிரிச்சாரே. ஒரு தடவையாவது படிச்சவன் மாதிரி பேசிக் காட்டணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு மனப்பாடம் பண்ணேன்.

— நல்லாப் பண்ணே போ. அத்தை கையிலேர்ந்து சாப்பிடற குச்சியே நழுவிடுச்சு. அப்பா விருட்டுனு எழுந்து போயிட்டாரு.

— அதோ, பால்கனியில நிக்கறாரு. அந்தக் கோப்பையை எடு. டீ ஊத்திக் குடுத்து மன்னிப்புக் கேட்டுடறேன்.

— ரெண்டு கையாலயும் குடு. இன்னொரு பழமொழி மட்டும் வேண்டாம், உனக்குப் புண்ணியமாப் போகும்.

— மாமா... மன்னிச்சிடுங்க. அர்த்தம் தெரியாம உளறிட்டேன்.

— குடு மாப்பிள்ளை. தொண்டை வறண்டு கிடக்கு.

— அப்பா, கண்ணு ஏன் கலங்கியிருக்கு? அவனை நாலு திட்டு திட்டிடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

— அவனை எதுக்கும்மா திட்டணும்? ஒரு மாசமா படுத்தா எழுந்தா அந்த நாலெழுத்துதான் எனக்குள்ள ஓடிட்டிருந்துது. உங்க யாருகிட்டயும் மூச்சு விடலை. அதையே இவன் மைக்கில சத்தமா சொன்னான். அதே நேரம் பையில போன் அதிருது. எடுக்கவே கை வரலை. வெளிய ஓடி வந்து எடுத்தேன்.

— போனா? யாருப்பா?

— டாக்டரு. நுரையீரல்ல இருக்கறது சும்மா கட்டிதானாம்மா... புற்றுநோய் இல்லையாம்.