பதினாறு பேர் கேட்ட குரல்

தரை துடைக்கிற வேலையை நான் வேறு யாரிடமும் விடுவதில்லை. நடனம் சொல்லித்தருகிற ஆள் துணியும் வாளியுமாக நிற்கலாமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. வெறுங்காலோடு ஆடுகிற இடம் அது. ஒரு குண்டூசி கிடந்தால் போதும், ஒருவருடைய மூன்று மாத உழைப்பு மண்ணாகிவிடும். அதனால் காலை ஆறரைக்கே வந்து, கூடம் முழுக்கப் பெருக்கி, இரண்டு முறை துடைத்து, சாம்பல் நிற விரிப்பின் மூட்டுகளில் டேப் எங்காவது எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அன்றைக்கும் துடைத்தேன். தரையில் எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆட்கள் வந்ததும் தரையைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

எனக்கும் என் தங்கைக்கும் ஒன்பது வயது வித்தியாசம். குறைமாதத்தில் பிறந்தவள். கையில் வாங்கிய அத்தை, "என்னடி இது, பஞ்சு மாதிரி இருக்கு" என்றாளாம். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அப்பா இல்லாத வீடு. பஞ்சுவுக்கு நடக்க, சைக்கிள் ஓட்ட, ஆட, எல்லாம் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. நவீன நடனப் பட்டறை என்று எங்கே பேச்சு எடுத்தாலும் அவள் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சல் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள் மேடம், அது ரொம்ப மலிவான காரணம்.

பட்டறை பத்து நாள். பதினாறு பேர் சேர்ந்திருந்தார்கள். ஆடுகிறவர்கள் பாதி, மற்றவர்கள் வேறு வேறு தொழிலில் இருப்பவர்கள். ஒரு நர்ஸ், ஒரு கணக்கு வாத்தியார், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற ஒருத்தி. நாங்கள் முத்திரையும் அடவும் சொல்லித்தருவதில்லை. உடம்பின் எடையை எப்படி இன்னொருவரிடம் கொடுப்பது, எப்படி வாங்குவது, எப்படி விழுவது, அதுதான் பாடம். விழுவது லேசு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மனுஷனுக்கு அதைப்போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. கழுத்தும் இடுப்பும் கடைசி நொடியில் துரோகம் செய்துவிடும்.

அதற்காக நான் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். நெஞ்சளவு உயரமுள்ள மேசை. அதன்மேல் ஏறி, விளிம்பில் ஒருவர் எனக்கு முதுகு காட்டி, கண்ணை மூடி நிற்பார். "இருக்கியா?" என்று கேட்பார். பின்னால் நிற்கிற நான் "இருக்கேன்" என்பேன். அந்தச் சொல் முடிகிற கணத்தில் அவர் பலகைபோல அப்படியே பின்னால் சாய வேண்டும். கேட்காமல் யாரும் விழக்கூடாது, பதில் வராமலும் விழக்கூடாது. எங்கள் பட்டறையின் முதல் பாடம் இது. பஞ்சுவை நான் இப்படிப் பிடிக்க ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஆயிரம் தடவைக்கு மேல் பிடித்திருப்பேன். ஒருமுறைகூட அவள் தலைமுடி தரையில் பட்டதில்லை.

என் முட்டி தேய்ந்து நாலு வருடமாகிறது. ஆடுவதை விட்டுவிட்டேன். துடைப்பது, பாட்டுப் போடுவது, விழுகிறவர்களைப் பிடிப்பது, இவ்வளவுதான் என் பங்கு. மூன்றாம் நாள் இடைவேளையில் அந்தக் கணக்கு வாத்தியார் வெகு மரியாதையாகக் கேட்டார்: "சார், நீங்க மேடத்துக்கு அசிஸ்டென்டா?" நான் சிரித்துவிட்டு ஆமாம் என்றேன். பஞ்சு பக்கத்தில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை மூடிவிட்டு உள்ளே போனாள். கேட்டிருக்காமல்கூட இருக்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். வெளியூரில் ஒரு பெரிய நிறுவனம் அவளை ஒரு வருடத்துக்கு அழைத்திருக்கிறது. எட்டு ஊர், எட்டுப் பட்டறை. விழும்போது அவளைப் பிடிக்க அங்கேயே ஓர் இளைஞனை ஏற்பாடு செய்கிறார்களாம்.

"நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுண்ணா. எத்தன வருஷமா என்னையத் தாங்கிக்கிட்டே இருக்க. முட்டி என்னத்துக்கு ஆகும் சொல்லு?"

"நியாயந்தான்" என்றேன்.

அம்மாவும் தலையாட்டினாள். "அவளாச்சும் உன் உடம்பப் பத்தி யோசிக்கிறாளே" என்றாள். நியாயம்தான் மேடம், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவள் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது, வேறொருவன் கையில் அவள் விழுவதை நான் பார்க்கப்போவதில்லை என்பது தெளிவாகியிருந்தது.

காது கேட்கப் பழகும் பாடம் ஒன்று எங்களிடம் உண்டு. எல்லோரும் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார வேண்டும். யார் எங்கே நடக்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று காதாலேயே சொல்ல வேண்டும். வழக்கமாக இரண்டாம் நாளோடு முடிந்துவிடும். இந்த முறை தினமும் அரைமணி நேரம் வைக்கலாம், ஒன்பதாம் நாள் மேசைப் பயிற்சியையும் அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டே கேட்கட்டும் என்று நான் யோசனை சொன்னேன். பஞ்சுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "சூப்பர்ண்ணா, இதெல்லாம் உனக்குத்தான் தோணும்" என்றாள்.

மூன்று காலை, தரை துடைத்து முடித்தபின், மேசைக்குப் பின்னாலிருந்து ஜன்னல் பக்கம் இரண்டு அடி எடுத்துவைத்துப் பழகினேன். விரிப்புக்கு அடியில் ஒரு பலகை முனகும். அதைத் தாண்டி, குதிகால் படாமல், மூச்சுச் சத்தமும் வராமல். முட்டி வலித்தது. ஆனாலும் மூன்றாவது நாள் எனக்கே என் காலடி கேட்கவில்லை.

மேசைக்குப் பின்னால் ஒரு தடித்த மெத்தை போடுவது வழக்கம். ஒன்பதாம் நாள் அது இல்லை.

"மெத்தை எங்கண்ணா?"

"உறை கிழிஞ்சிருச்சு, தைக்கக் குடுத்திருக்கேன். நான் இருக்கும்போது உனக்கு மெத்தை எதுக்கு?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

உறை உண்மையிலேயே கிழிந்துதான் இருந்தது. தையல்காரரைக் கேட்டுப் பாருங்கள். முந்தின நாள் நான்தான் கிழித்தேன்.

பதினாறு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் விளிம்பில் குதிகாலை வைத்துக் கண்ணை மூடினாள். நான் நகர்ந்துகொண்டேன். "அண்ணா, இருக்கியா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். அவள் விழுந்தாள். கழுத்து நேராக, இடுப்பு மடங்காமல், கை இரண்டும் உடம்போடு ஒட்டி. அவ்வளவு சுத்தமாக அவள் விழுந்து நான் பார்த்ததே இல்லை. பின்னால் நின்று பிடிக்கிறவனுக்கு அது தெரியாதில்லையா, பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

சத்தம் கேட்டு எல்லோரும் துணியை அவிழ்ப்பதற்குள் நான் அவள் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி மடங்கிவிட்டது என்று சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நர்ஸ் மட்டும் என்னை ஒருமாதிரி பார்த்தாள், உடனே பஞ்சுவின் தலையை அசையாமல் பிடிக்கக் குனிந்துவிட்டாள். உயிர் தப்பியது அவளால்தான். கழுத்துக்குக் கீழே இனி ஒன்றும் வராது என்று டாக்டர் மறுநாள் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "உன் வலிய நீ யார்கிட்டயும் சொல்லவே இல்லையேடா, பாவி" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

அப்புறம் போலீஸ் விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள். பதினாறு பேரையும் அதே சுவரோரம் அதே துணியால் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, அன்று "இருக்கேன்" என்ற குரல் எங்கிருந்து வந்தது, கையை நீட்டிக் காட்டுங்கள் என்றீர்கள். நல்ல யோசனை. பதினாறு கையும் ஜன்னல் பக்கம் நீண்டன. ஒன்றுகூடப் பிசகவில்லை. "சார் மேசைக்குப் பின்னாடி இல்ல. ரெண்டு அடி தள்ளி, ஜன்னலப் பாத்துப் பேசினாரு" என்று அந்தக் கணக்கு வாத்தியார் சொன்னார்.

காலடியைப் பற்றி அவ்வளவு யோசித்த நான் குரலைப் பற்றி யோசிக்கவில்லை. அது என் தப்பு. ஆனால் ஒன்பதே நாளில் எப்படிப்பட்ட காது வந்துவிட்டது பார்த்தீர்களா? அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஞ்சுவின் காது அவர்கள் காதைவிட நூறு மடங்கு நல்லது. என் குரல் இடம் மாறியிருந்தது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் ஏன் விழுந்தாள் என்று நான் யோசிப்பதில்லை.

இன்று காலை வக்கீல் என்னைப் பார்க்க இங்கே சிறைக்குச் சந்தோஷமாக வந்தார். பஞ்சு பேச ஆரம்பித்துவிட்டாளாம். மாஜிஸ்திரேட்டை வரவழைத்து, வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்திருக்கிறாள். "அண்ணன் தயாராவதற்கு முன் நான் கேட்காமலே சாய்ந்துவிட்டேன். தவறு என்னுடையது. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை."

"கண்ணக் கட்டிக்கிட்டு இருந்தவங்க சாட்சியெல்லாம் கோர்ட்ல நிக்காது சார். பாதிக்கப்பட்டவங்களே சொல்லிட்டாங்க. நீங்க வாயத் தொறக்காம இருங்க, அது போதும். அடுத்த வாரம் வீட்டுல இருப்பீங்க. உங்க அம்மா வெளியதான் நிக்கிறாங்க" என்றார்.

அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். இத்தனை நாளில் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. நாளைக்கு இது பத்திரிகையில் வந்து எல்லோருடைய கண்ணிலும் படும். அந்தப் பதினாறு பேர் படிப்பார்கள். எட்டு ஊர்க்காரர்கள் படிப்பார்கள். இருபத்திரண்டு வருடம் அண்ணன் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தும், முதல் பாடத்தையே மறந்துவிட்டாளே என்றுதானே நினைப்பார்கள்? என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இதை எப்படி விடுவது?

அதனால்தான் உங்களை வரச்சொன்னேன். மெத்தை, இரண்டு அடி, முட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அந்த வாக்குமூலத்தில் இருக்கிற பொய்யை முதலில் அடித்துவிடுங்கள் மேடம். என் தங்கை கேட்காமல் விழமாட்டாள். நான் அவளை அப்படி வளர்க்கவில்லை.