முழு வாக்கியம்

— திரும்ப முதல்லேர்ந்து சொல்லு. மென்னு முழுங்காத.

— குட் மார்னிங் சார். ஐ ஆம் எ ரிசர்ச் ஸ்டூடண்ட் இன் கெமிஸ்ட்ரி. ஆன் தி டே ஆஃப் தி ஃபயர், ஐ... ஐ...

— ஐ ஃபர்காட். ரெண்டே வார்த்தை. இத்தன நாளா என் இங்கிலீஷ் வகுப்புல என்னத்தக் கேட்ட நீ? முதல்ல சட்டைப் பட்டனப் போடு.

— அது மட்டும் வாய்ல வர மாட்டேங்குது மேடம்.

— வரணும். உள்ள விசாரணைக்கு வந்திருக்கிற ரெண்டு பேருக்கும் நம்ம பாஷை தெரியாது. உங்க புரொபசர் உன்னக் கைகழுவிட்டாரு. நான் ஒருத்திதான் இந்த வராண்டாவுல உட்கார்ந்து தொண்ட கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். வீட்ல சொன்னியா?

— அக்காகிட்ட மட்டும். தலையில அடிச்சுக்கிட்டா.

— அடிச்சுக்காம? லேப்ல ரசாயனம் கொதிக்குது. ஆவி குளிர்றதுக்குக் குழாய்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணி நின்னுபோச்சு, தீப்பிடிச்சுது. அணைக்கப் போன லேப் அண்ணனுக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. இதுல இழுக்கிறதுக்கு என்ன இருக்கு? கவனிக்க மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டா ஆறு மாசம் வெளிய வெப்பாங்க. மழுப்பினா படிப்பே போச்சு.

— அண்ணன நேத்து ஆஸ்பத்திரில பார்த்தேன். கட்டுப் போட்ட கையக் காட்டி, "எனக்குச் சோறு ஊட்டப் பொண்டாட்டி இருக்கா, நீ ஒழுங்காப் படிடா"ன்னு சிரிக்கிறாரு. என்னாலதான் தாங்க முடியல.

— சரி, கண்ணத் துடைச்சுக்க. இப்பச் சொல்லு. ஐ ஃபர்காட்.

— நான் மறக்கல மேடம்.

— பின்ன?

— தண்ணி நிக்கப்போகுதுன்னு எனக்குத் தெரியும். தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்.

— மெதுவாப் பேசு, யார் காதுலயாவது விழுந்து தொலைக்கப் போகுது. தெரிஞ்சுமா விட்ட? எங்கடா இருந்த அப்ப?

— உங்க வகுப்புல. ஜன்னல் ஓரமா. பைப் ரிப்பேர்காரர் தொட்டிகிட்ட, லேபுக்குத் தண்ணி போற வால்வ மூடினத அங்கேர்ந்தே பார்த்தேன்.

— பார்த்துட்டுப் பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார்ந்திருந்தியா? அறிவிருக்கா உனக்கு? எந்திரிச்சு ஓட வேண்டியதுதானே?

— சொல்லாம வெளிய போன பயாலஜி அக்காவ நீங்க அப்புறம் உள்ளயே சேர்க்கல. உங்க கையெழுத்து இல்லாம தீசிஸ் கொடுக்க முடியாது. அதான், சொல்லிட்டுப் போகலாம்னு எந்திரிச்சு நின்னேன்.

— நின்னியா?

— நின்னேன். "மேடம், லேப்... வாட்டர்..."னு ஆரம்பிச்சேன். பதட்டத்துல அதுக்கு மேல ஓடல, நம்ம பாஷையில "அது வந்து..."ன்னு வந்துருச்சு. பின் பெஞ்சுல சிரிச்சாங்க.

— இரு. அது அன்னைக்கா?

— அன்னைக்குத்தான். "இங்க அரைகுறைக்கு இடமில்ல. உட்காரு. முழு வாக்கியமா மனசுக்குள்ள கட்டிட்டு அப்புறம் எந்திரி"ன்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— கட்டிக்கிட்டே இருந்தேன் மேடம். எந்த வார்த்தைய முதல்ல வெக்கிறதுன்னே பிடிபடல. எல்லாம் கூடி வந்து எந்திரிக்கலாம்னு பார்த்தா, தீ மணி அடிச்சிருச்சு.

— அட பாவி, இத ஏன் இத்தன நாளா சொல்லல?

— உங்க வேலையும் வருஷா வருஷம் இழுபறிதான்னு நீங்களே ஒருநாள் சொன்னீங்க. என்னால ஒருத்தர் கை வெந்தது போதும். உங்க வயித்துலயும் அடிக்கணுமா?

— தம்பி, உள்ள கூப்பிடுறாங்க. சட்டுன்னு வாங்க.

— இதோ வந்துட்டேன் பியூன் அண்ணே. மேடம், கைய விடுங்க. இப்பச் சொல்லிடுவேன். ஐ ஃபர்காட். பாருங்க, வந்துருச்சு.

— நீ உட்காரு. அண்ணே, உள்ள போய்ச் சொல்லுங்க, அவன் எந்திரிச்சான், உட்கார வெச்சவ முதல்ல வர்றாள்னு.