டான்சோவா பெரியம்மா லேபிள்

குடிப்பதற்கு முன் பாட்டிலை ஒருதரம் குலுக்கிவிடுங்கள், மேடம். இஞ்சி அடியில் தங்கிவிடும். குலுக்காமல் குடித்துவிட்டுக் காரமே இல்லை என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் இதை அச்சடித்தே போட்டிருக்கிறேன். ஆனால் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் முன்பக்கத்து முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அது என் பெரியம்மா டான்சோவா. தாஃபோ சந்தையில் முப்பது வருடம் சொபொலோ விற்றவள். காய்ந்த புளிச்சைப் பூவோடு இஞ்சி, கிராம்பு, அன்னாசித் தோல் எல்லாம் போட்டுக் கொதிக்கவைப்பாள். குமாசியில் ஆயிரம் பேர் இதைச் செய்கிறார்கள். பெரியம்மா செய்தது மட்டும்தான் மறுநாளும் நாக்கில் நிற்கும். அப்படிப்பட்ட சரக்கை அவள் எதில் ஊற்றி விற்றாள் தெரியுமா? யாரோ குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டில்களில். பெயரும் கிடையாது, லேபிளும் கிடையாது. "சிவப்பா இருக்குல்ல? அப்புறம் என்ன பேரு வேண்டிக்கிடக்கு?" என்பாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் அக்ராவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பிராண்டு பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தவன். பயிற்சி தந்தவர் இரண்டே பாடம் சொன்னார். பிராண்டுக்கு ஒரு முகம் வேண்டும். லேபிள் ஒருபோதும் பொய் சொல்லக் கூடாது. மீதி நேரம் முழுக்கச் சாப்பாடு.

ஆகவே பெரியம்மாவிடம் ஒரு போட்டோ கேட்டேன்.

"போட்டோவை அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டுறது செத்தவங்களுக்குடா, ஒப்போக்கு. நம்மூரு மதில்ல சிரிச்சுக்கிட்டு இருக்கறவங்கள்ல உயிரோட இருக்கற ஒருத்தரைக் காட்டு, பார்ப்போம்."

"தேர்தல்ல நிக்கறவங்க இருக்காங்களே, பெரியம்மா."

"அவங்களும் ஜெயிச்சதும் காணாமப் போறவங்கதானே."

அடுத்த வாரம் அவள் மகள் அஃபியாவின் பிரசவத்துக்காகச் சுன்யானிக்குப் போனாள். நான் அவளுடைய ஈஸ்டர் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரன் பாஃபோ வாரத்துக்கு நாற்பது இரங்கல் சுவரொட்டி அடிப்பவன். அவன் மனம் வேறெங்கோ இருந்தாலும் கை தன் வழக்கப்படி வேலை செய்துவிடும். ஒரு வயதான பெண்ணின் படம், மேலே 'எங்கள் அன்பு அன்னை' என்று நான் யோசித்து வைத்த வாசகம். இது போதாதா அவனுக்கு? முகத்துக்குப் பின்னால் மேகம் வைத்து, மேகத்தில் இரண்டு வெள்ளைப் புறா விட்டு, சுற்றிலும் எங்கள் ஊர்த் துக்க நிறமான கறுப்பிலும் சிவப்பிலும் கரை கட்டி, ஐயாயிரம் லேபிள் அடித்துவிட்டான்.

"புறா ரெண்டும் இலவசம்," என்றான் பெருமையாக.

அச்சடித்ததை வீணாக்க மனமில்லை. பெரியம்மாவிடம் பார்த்துக் கற்ற பக்குவத்தில் நானே சொபொலோ காய்ச்சி, பாட்டிலில் ஒட்டிச் சந்தையில் அவள் கடையில் வைத்தேன். முதலில் வந்தவள் தக்காளி விற்கும் மன்சா. பாட்டிலைப் பார்த்தாள், தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அலறினாள். பத்து நிமிடத்தில் சந்தையே கூடிவிட்டது. அழுதுகொண்டே ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கினார்கள்; ஒன்று குடிக்க, ஒன்று ஞாபகத்துக்கு. மதியத்துக்குள் சரக்கு தீர்ந்தது.

பெரியம்மா செத்துவிட்டாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, மேடம். சாகவில்லை என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டேன். எனக்குக் கறுப்பு எடுக்கும். இரண்டு வாரத்தில் மூன்று பேட்டையில் கடைக்காரர்கள் கேட்டு வந்தார்கள். துக்க வீடுகளுக்குப் பந்தியும் பந்தலும் ஏற்பாடு செய்யும் ஒரு பெரிய அம்மாள், இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பந்தலில் இந்தச் சொபொலோதான் என்றாள். மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய குளிர்லாரியின் பெட்டியை வாங்கி வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். அதன் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி கிடையாது. வாங்கும்போதே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் பெரியம்மா திரும்பி வந்தாள். நேரே சந்தைக்கு, சிரித்துக்கொண்டே.

மன்சா கூடையைக் கீழே போட்டாள். பிறகு பெரியம்மாவின் கையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகுதான் கோபம் வந்தது.

"ஏண்டி, உனக்காக மூணு நாள் கறுப்புத் துணி கட்டிக்கிட்டு வெயில்ல வெந்தேன். கொழுகொழுன்னு வந்து நிக்கிறே! துணியைத் தோய்ச்சுக் குடுடி."

"நான் எப்படி செத்தேன்னு சொன்னாங்க?"

"தூக்கத்துல."

"அப்ப நல்ல சாவுதான்," என்றாள் பெரியம்மா. சந்தை முழுக்கச் சிரித்தது.

அன்று ஏழே பாட்டில் விற்றது. மறுநாள் இரண்டு. சரக்கு அதேதான், அதே பூ, அதே இஞ்சி. ஆனால் லேபிள் பொய் சொல்லிவிட்டதே, மேடம். வாங்குபவன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், அதை மட்டும் பொறுக்கமாட்டான். பந்தல்கார அம்மாளும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "அந்தம்மா நெசமாவே உயிரோட இருந்தா எனக்கு வேண்டாம். துக்க வீட்டுல கேலியாயிடும்."

பெரியம்மாவிடம் பதமாகப் பேசினேன். சுன்யானியிலேயே பேரனோடு இருந்துவிடலாமே என்றேன்.

"என் சரக்கு, என் சந்தை. நான் ஏன் ஒளிஞ்சுக்கணும்? ஞாயித்துக்கிழமை கோயில்ல எழுந்து நின்னு, நான் கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உன் லேபிளை ஒண்ணு விடாமக் கிழிக்கிறேன், பாரு."

இது நடந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை மதியம் எங்கள் தெருவில் ஈ காக்கை இருக்காது. எல்லோரும் ஏதாவது ஒரு சாவுக்குப் போயிருப்பார்கள். பெரியம்மா ஒரு பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிர்பெட்டிக்குள் போனாள். நகத்தால் லேபிளைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஐயாயிரம் லேபிள், இரண்டு புறா, மூன்று பேட்டை.

நான் கதவைச் சாத்தினேன். 'திறந்தால் உடனே சாத்தவும்' என்று அந்தக் கதவில் நான்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். அன்று கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஓடவிட்டேன். அந்த இரைச்சலில் தட்டும் சத்தம் கேட்கவில்லை என்று போன வெள்ளிக்கிழமை விசாரணையில் உங்களிடம் சொன்னேன். கேட்டது. "டேய் ஒப்போக்கு, குளிருதுடா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுவதை விட்டுவிட்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள். பிடிவாதக்காரி. நூற்றுப் பன்னிரண்டு லேபிள் கிழித்திருக்கிறாள். அவள் கைக்குள் கசங்கியிருந்ததை நீங்களே பிரித்துப் பார்த்தீர்கள்.

எங்கள் ஊரில் செத்தவரைப் புதைக்க யாருக்கும் அவசரம் கிடையாது. உறவு கூட, ஒரே துணியில் உடை தைக்க, பந்தல் போட என்று இரண்டு மாதம் ஆகும். அதுவரை குளிர்பெட்டிதான். பெரியம்மாவும் எப்படியும் அதற்குள் போக வேண்டியவள்தானே. நான் வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றினேன்.

செய்தி சொன்னபோது மன்சா நம்பவில்லை. "இந்தத் தடவை நெசமாவா? உடம்பைக் காட்டு, அப்புறம் அழறேன்," என்றாள். காட்டினேன். முதல் தடவையைவிட நன்றாகவே அழுதாள். சுவரொட்டிக்குப் புதிதாக எதுவும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. பாஃபோ லேபிளையே பெரிதாக்கித் தந்தான்.

ஆமாம், மேடம், தெரிந்துதான் சாத்தினேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அவள்மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. என் லேபிள் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், இப்போது சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில், ஒவ்வொரு பாட்டிலிலும் அவள் முகம். ஒரு சந்தைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதைக் கண்ணால் பார்க்கப் பெரியம்மா இல்லாமல் போய்விட்டாளே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.