ஒன்பதாம் நம்பர் தட்டு

இல்லம்மா, அந்தக் கட்டில் இல்ல. ஜன்னல் பக்கம் இருக்கறதுதான் உங்க பொண்ணோடது. பெட்டியை நான்தான் அடியில தள்ளி வச்சேன். துணியெல்லாம் மடிச்சே வச்சிருக்கேன். முதல்ல உக்காருங்க, மூணு மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது பாருங்க.

ஆமா, அவ போய் நாலு மாசம் ஆயிடுச்சு. இதே ரூம்ல நாங்க ரெண்டு பேரும்தான்.

என்ன ட்ரெய்னிங்கா? உங்ககிட்ட அவ சொன்னதே இல்லையா. சொன்னா சிரிப்பீங்க. ஆறு வாரமும் ட்ரெஸ் போடத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நெஜமாத்தான். ஊசி மருந்தைக் குப்பியில நிரப்பற ரூமுக்குள்ள ஒரு தூசி போகக் கூடாது, நம்ம உடம்புல இருக்கற கிருமி போகக் கூடாது. அதுக்குத் தலைலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு. அது தரையில படாம, வெளிப்பக்கம் நம்ம கை படாம மாட்டணும். கேக்கறதுக்கு சுலபமாத்தான் இருக்கும். நான் முதல் நாள் ஒரு காலை விட்டுட்டு, நொண்டியடிச்சுட்டே போய் சுவத்துல மோதினேன்.

உங்க பொண்ணு பதினோரு நிமிஷத்துல போட்டுடுவா. கண்ணாடிகூடப் பாக்க மாட்டா. ட்ரெய்னர் எங்க பத்து பேரையும் வரிசையா நிக்க வச்சு, இவளைப் பாத்துக் கத்துக்கோங்கன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, நீ மட்டும் ரெண்டு தடவை பாருன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்கல. அன்னிக்கு சாயங்காலம் என் நைட்டியை எடுத்துச் சுருட்டி, இதை வச்சுப் பழகுன்னா. இதோ, நீங்க கால் வச்சிருக்கீங்களே, அந்த இடத்துலதான். பத்து நாள் சலிக்காமச் சொல்லிக் குடுத்தா. நான் தடுமாறினா பிடிச்சுக்கன்னு குனிஞ்சு தோளைக் குடுப்பா.

டெஸ்ட் என்னன்னா, எல்லாம் மாட்டி முடிச்சதும் கையுறையோட விரலை ஒரு தட்டுல அழுத்தணும். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டு, உள்ள கூழ் மாதிரி உறைஞ்சிருக்கும். அதை மூடி அஞ்சு நாள் கதகதப்பா ஒரு பெட்டிக்குள்ள வைப்பாங்க. கிருமி ஒட்டியிருந்தா வளந்து புள்ளி புள்ளியாத் தெரியும். பத்து பேர்ல அஞ்சு பேருக்குத்தான் வேலை, தப்பினா இன்னொரு தடவை மட்டும் டெஸ்ட் உண்டுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க.

அஞ்சாம் நாள் திறந்து பாத்தா, உங்க பொண்ணோட ஒன்பதாம் நம்பர் போட்ட தட்டு முழுக்கப் புள்ளி. வெள்ளையா, மஞ்சளா. ட்ரெய்னர் அதை வெளிச்சத்துல தூக்கிக் காமிச்சாரு. அழகா உடுத்திட்டா ஆச்சா, இவ மேல குடியிருக்கறவங்களை எல்லாரும் பாத்துக்கோங்கன்னாரு. தட்டைக் கைமாத்தி கைமாத்தி எல்லாரும் பாத்தோம். கடைசியா அவ கையிலயே குடுத்து, வச்சுக்கோ, உன் பிள்ளைங்கதானேன்னாரு.

அதுலேர்ந்து அவளுக்குப் பேரே கிருமின்னு ஆயிடுச்சு. கேன்டீன்ல அவ வந்து உக்காந்தா, பக்கத்துல இருக்கறவ சாப்பாட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சுடுவா. விளையாட்டுக்குத்தாம்மா. நானும் ஒரு தடவை எந்திரிச்சேன். பொய் எதுக்கு, ரெண்டு மூணு தடவை இருக்கும்.

அவ யார்கிட்டயும் சண்டைக்குப் போகல. என்கிட்ட மட்டும் கேட்டா, எங்க தொட்டேன்னே தெரியலையே, நீ ஏதாவது பாத்தியான்னு. பாக்கலையேன்னேன். அப்புறம்தான் இந்தக் கை கழுவறதை ஆரம்பிச்சா. சோப்பு பத்தலன்னு துணி துவைக்கற பிரஷ்ஷை எடுத்தா. பாத்ரூம்ல தண்ணி சத்தம் நிக்கவே நிக்காது. ரெண்டு வாரத்துல விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் கசிய ஆரம்பிச்சிடுச்சு.

ரெண்டாவது டெஸ்ட்டா? எங்கேம்மா, அவளுக்கு நடக்கவே இல்ல. தோல் உரிஞ்சவங்க உள்ள போகக் கூடாதுங்கறது அங்க ரூல். ட்ரெய்னர் அவளை வாசல்லயே நிக்க வச்சு, ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, போம்மான்னாரு. அவ்வளவுதான். நேரா பஸ்ஸுக்குப் போயிட்டா, ரூமுக்குக்கூட வரல.

இப்பவும் கழுவறாளா? தன் குழந்தையைக்கூடத் தூக்கறதே இல்லையா? ரெண்டு வயசுதானே அதுக்கு. கையை நீட்டிட்டு ஓடி வந்தா இவ பின்னாடி நகந்துக்கறாளா. ம். அப்போ சாதம் ஊட்டறது, குளிப்பாட்டறது எல்லாம் நீங்கதானா.

நான் வந்து பேசறதுங்கறது கஷ்டம்மா. லீவு கிடைக்காது. இப்பப் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு உடுப்பு மாட்டச் சொல்லிக் குடுக்கறதே நான்தான். போன்லயும் வேணாம், எனக்கு அதெல்லாம் பேச வராது. நீங்களே சொல்லுங்க. உன் கை சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு அடிச்சே சொல்லுங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, அன்னிக்குத் தட்டையெல்லாம் அந்தக் கதகதப்புப் பெட்டிக்குள்ள அடுக்கற வேலை என்னோடது. டெஸ்ட்டுக்கு நிக்கறப்ப எனக்கு மூக்கு அரிச்சுது, முகமூடிக்குள்ள விரலை விட்டுச் சொறிஞ்சுட்டேன். யாரும் பாக்கல. தட்டுல நம்பரை மார்க்கர்லதான் எழுதியிருப்பாங்க, ஸ்பிரிட் பஞ்சால துடைச்சா போயிடும். அவளோட ஒன்பதை என் தட்டுல எழுதிட்டு, என் நாலை அவ தட்டுல எழுதினேன். ஒரு நிமிஷ வேலை.

அப்படிப் பாக்காதீங்கம்மா. அவளுக்குத்தான் ரெண்டாவது தடவை இருக்கே, கண்ணை மூடிட்டு பாஸ் பண்ணிடுவான்னு நினைச்சேன். எனக்கு எத்தனை தடவை குடுத்தாலும் இன்னொரு தடவை அரிக்கும். அவ கையைப் புண்ணாக்கிக்குவான்னு யாரு கண்டா.

எழுதிக் குடுன்னெல்லாம் கேக்காதீங்க, அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிடுவேன். அவகிட்டயும் நான் சொன்னதா சொல்ல வேணாம். போன வாரம்கூட எனக்கு மெசேஜ் போட்டிருந்தா. உனக்காவது கிடைச்சுதே, கையை நல்லாப் பாத்துக்கன்னு.