பிளேனுக்கு வைத்த பொட்டு

— அப்பா, தும்புத்தடியை வைச்சிட்டு இஞ்சை வாங்கோ. எல்லாம் போச்சு. இண்டைக்கு நான் பறக்கேலாதாம்.

— என்னடி பிள்ளை சொல்லுறாய்? கிருசாந்தினி தனியப் பறக்கப்போறாள் எண்டு கொம்மா விடியவே மோதகம் அவிச்சு வைச்சிருக்கிறா. ஆர் மறிச்சது?

— எங்கடை பறக்கிற கிளப் மெக்கானிக்தான். பிளேனுக்குக் கீழை சிவப்பாய் என்னவோ ஒழுகி நிக்குதாம். சில்லுப் பிறேக்குக்குள்ளை ஓடுற எண்ணெயும் அதே சிவப்புத்தான். அது ஒழுகினால் பிறேக் பிடிக்காது. இறங்கேக்கை ஓடுபாதை முடிஞ்சு நேரே அந்த மதிலிலைதான் போய் நிப்பன். கழட்டிப் பாக்க வேணுமாம்.

— கழட்டியோ? எவ்வளவு நேரம் எடுக்கும்?

— நாளைக்கும் வேணும். நாளைக்கு என்னைப் பழக்கிற மாஸ்ரர் கத்தானியாவுக்குப் போயிடுவார், திரும்பி வர ரெண்டு மாதம். பாஸ்த்தா, போதும்! ரெண்டு வருசமாய் பகேரியா பஸ்ஸிலை தொங்கி வந்தது இதுக்குத்தானோ? ஏனப்பா, என்ரை முகத்தைப் பாக்காமல் நிலத்தைப் பாக்கிறியள்?

— ஒண்டுமில்லை. அந்தச் சிவப்பு, கண்டியோ, கொஞ்சம் பன்னீர் மணக்குமோ?

— அப்பா!

— கோவிக்காதை. காலமை ஒருத்தரும் வரமுன்னம், கூட்டுறதுக்கு எண்டு பிளேன் நிக்கிற கொட்டில் கதவைத் திறந்தனான். அப்பிடியே குங்குமம் கரைச்சு ஒரு பொட்டு வைச்சன். பன்னீர் கூடிப்போச்சு, கண்டியோ. வழிஞ்சிருக்கும்.

— மம்மா மீயா! பிளேனுக்குப் பொட்டோ?

— ஏன், உன்ரை மாமா கார் எடுக்கேக்கை வைக்கேல்லையே? போன ஞாயிறு பாதர் வந்து இதே பிளேனுக்கு வாளியோடை தண்ணி தெளிச்சவர். அதை ஒருத்தரும் ஒழுகுது எண்டு சொல்லேல்லை.

— வேறை என்ன செய்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ.

— தேங்காய் ஒண்டு. அது வெளியிலை, கேற்றடியிலை. சிரட்டைத் துண்டு ஒண்டும் விடாமல் ரெண்டு தரம் கூட்டினனான்.

— பிறகு?

— சில்லுக்குத் தேசிக்காய். போர்கோ வெக்கியோச் சந்தையிலை தேசிக்காய் இல்லை, பெரிய லிமோனேதான் இருந்தது. சில்லு அதிலை ஏறமாட்டன் எண்டுட்டுது. நான் முன்னுக்குத் தள்ள அது பின்னுக்கு வருது. இடுப்பு விட்டுப்போச்சு.

— கற்பூரம்? பெற்றோல் நிக்கிற இடத்திலை கற்பூரம் கொளுத்தினீங்களோ?

— எனக்கென்ன விசரே? கொளுத்தாமல்தான் மூண்டு தரம் சுத்திக் காட்டினனான்.

— கொளுத்தாத கற்பூரத்தைப் பிள்ளையார் ஏற்பாரோ?

— அவரும் முப்பது வருசமாய் எங்களோடை இஞ்சை இத்தாலியிலைதானே இருக்கிறார். இஞ்சத்தைச் சட்டம் அவருக்கும் தெரியும்.

— சிரிப்பு மூட்டாதேங்கோ, எனக்கு விசர் வருகுது. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கிளப்புக்குத் தலைவர் பிறெசிதெந்தே அறிஞ்சால் உங்களை வேலையாலை நிப்பாட்டிப்போடுவார். அந்த வேலைக் கடிதம் இல்லாட்டி இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது?

— அதுக்காக நீ இண்டைக்குப் பறக்காமல் விடுறதோ? நான் போய்ச் சொல்லுறன்.

— வேண்டாம் அப்பா, நில்லுங்கோ! உங்கடை இத்தாலியனைக் கேட்டால் அவை அம்புலன்ஸ் கூப்பிடுவினம். அப்பா!

— வந்திட்டன், சொல்லியும் போட்டன்.

— இவ்வளவு கெதியாவோ? என்ன சொன்னனீங்கள்?

— “ரொஸ்ஸோ, இயோ”, சிவப்பு நான்தான் எண்டு நெஞ்சிலை அடிச்சுக் காட்டினன். மெக்கானிக்குக்கு விளங்கேல்லை. மடியிலை இருந்த குங்குமச் சரையைப் பிரிச்சு அவன்ரை நெத்தியிலையும் ஒண்டு வைச்சன். உடனை விளங்கீட்டுது.

— பிறெசிதெந்தே?

— அந்தாள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்குது. தனக்கும் ஒண்டு வைக்கட்டாம். ஒண்டும் கழட்டேல்லை, எல்லாத்தையும் துடைச்சாச்சு. பத்து நிமிசத்திலை நீ ஏறலாமாம், பிள்ளை!

— அப்பா... நான் உங்களைப் பேசினது பிழை. வேலை போனாலும் போகட்டும் எண்டு போனீங்களே.

— அழாதை. பைலற் அழுதால் பிளேனும் தள்ளாடும். எனக்குப் பயம், கண்டியோ, அதுதான் உண்மை. பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கையிலை பிடிச்சுக் கொண்டுபோனன். மேலை என்னாலை வரேலாது. ஒரு பொட்டைத் தவிர நான் வேறை என்னத்தை வைச்சு விடுறது?

— சரி, சரி, எனக்கும் ஒண்டு வையுங்கோ. ஆனால் சின்னனாய். அந்த வலப்பக்கச் சில்லிலை வைச்ச மாதிரி வழிய விடாதேங்கோ, கீழை ஒரு குளமே கட்டி நிண்டது.

— சில்லிலையோ? நான் பிளேன்ரை மூக்கிலை மட்டும்தானே வைச்சனான். காலிலை ஆரும் பொட்டு வைப்பினமே, பிள்ளை?