பி பாசிட்டிவ் மருமகள்

எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். என் முகிலனுக்கு ஒரே வாரத்தில் கிடைத்தாள். அதுவும் எங்கள் பனியன் கம்பெனிக்குள்ளேயே.

அவனுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு கிட்னியும் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நெருங்கிய உறவில் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மனைவியும் சட்டப்படி நெருங்கிய உறவுதான் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஜோசியரிடம் போகவில்லை. அவிநாசிபாளையத்தில் எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கும். பெயர், போட்டோ, கீழே ரத்த வகை. தையல் வரிசையில் காலாற ஒரு நடை நடந்தேன். மூன்றாவது மிஷினில் சித்ராதேவி. இருபத்திரண்டு வயது, முகிலனைப் போலவே பி பாசிட்டிவ். ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று லீவு போடாத உடம்பு.

அவள் அப்பா மூக்கையா, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவர், எங்களிடமே அயர்ன் போடுகிறவர். "ஏனுங்க, உங்க பொண்ண எங்க ஊட்டுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். அயர்ன் பெட்டியை வைத்துவிட்டு மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். சாதி பார்க்கவில்லை, நகை கேட்கவில்லை. இந்த மயிலாத்தாள் மனசு யாருக்கு வரும் என்று தாராபுரம் வரைக்கும் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முகிலன்தான், "அம்மா, அவகிட்டச் சொல்லீரலாம்" என்று முனகினான். "தாலி கட்டுன பொறகு சொல்லிக்கலாங்கண்ணு" என்றேன். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை தெரியாமல் முழுக்கைப் பட்டுச்சட்டை தைத்துப் போட்டேன். அன்றைக்கு ராஜா மாதிரி இருந்தான்.

கல்யாணமான பத்தாம் நாள் அவளிடம் நோயைச் சொன்னேன். கல்யாணம் கொஞ்சம் பழசானால் ஆஸ்பத்திரியில் கேள்வி குறையும் என்று எட்டு மாதம் பொறுத்தேன். அப்புறமும் நான் கிட்னி கேட்கவில்லை, மேடம். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் மடியில் தலைவைத்து அழுதேன், அவ்வளவுதான்.

"அழாதீங்க அத்தை, நான் தாரேன்" என்று அவளே சொன்னாள்.

"உனக்கெதுக்குக் கண்ணு இந்த வேதனை" என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் பிடிவாதம் கூடியது. ஆஸ்பத்திரியில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோதும், யாரும் வற்புறுத்தவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். தங்கமான பெண்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. முகிலன் வாய்விட்டு இட்லி கேட்டான். எத்தனை மாதம் கழித்து. மூன்றாம் நாள் சித்ராதேவிக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். நானும் அழுதேன், மேடம். அது நிஜ அழுகை.

மூக்கையா புகார் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. பெற்ற மனம், துடிக்கத்தான் செய்யும்.

உங்கள் கையில் இருக்கிற ரிப்போர்ட் என்னுடையதுதான். முதன்முதலில் சோதித்தது என்னைத்தான். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கிட்னி அருமையாகப் பொருந்துகிறது என்றார்கள். பொருந்தவில்லை என்று முகிலனிடம் சொன்னது நான். வேறென்ன செய்வேன்? கத்தி வைக்கிற இடத்தில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்கு வந்தவளை நம்பி என் பிள்ளையை விட்டுவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.