ஒற்றைக் கண் தாருமா

சப்போரோ நகரத்து மருத்துவமனையிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. இந்தப் பனிப்பந்து உருண்டுகொண்டிருக்கும்வரை தோழிகள் இருவரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று கனாயே நினைத்துக்கொண்டாள்.

— கனாயே! தள்ளுறியா, சாஞ்சு தூங்குறியா?

— தள்ளுறேன் டொயோகோ. நீதான் நின்னு பேசிக்கிட்டே இருக்க.

— நான் பேசலேன்னா இந்தக் காத்துல மூணு பேரும் எப்பவோ உறைஞ்சிருப்போம். ஐயோ, என் இடுப்பு! ரிட்சு, வாளியில தண்ணி இருக்கா? அரிசி மாவு மாதிரி உதிருது, ஒட்டவே மாட்டேங்குது.

— இருக்கு. தெளிக்கிறேன்.

— நாலு வார்த்தை சேர்த்துப் பேசினா உனக்கு வரி போடுவாங்களாடி?

— ம்.

— பொம்மைக்கு உடம்பு போதும். என் கடை வாசலை விட உசந்துடுச்சு! தலையை எப்படி ஏத்துறது?

— நான் ஓட்டுற பனி அள்ளுற வண்டி எதுக்கு இருக்கு?

— ஊர் ரோடெல்லாம் மூடிக்கிடக்கு, இவ வண்டியில பொம்மைக்குத் தலை தூக்கப் போறா!

— புயல் அடங்குற வரைக்கும் ரோட்டுல எடுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல உத்தரவு. உன் கடை முற்றத்துல எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல.

— பாரு, எவ்வளவு பேசிட்டா!

— மெதுவா, ரிட்சு... இன்னும் கொஞ்சம் இடது... விடு!

— நின்னுடுச்சுடி! ஊர்லயே பெரிய பனித் தாருமா, நம்ம வேண்டுதல் பொம்மை! என்ன வழுக்கை, அப்படியே என் வீட்டுக்காரர்!

— அவருக்கு முடி இருக்கே.

— எங்க, காட்டு. கனாயே, இந்தா கரி. கோழி சுட வச்சிருந்த நல்ல கரி. ஏணியில ஏறி, வேண்டிக்கிட்டு ஒரு கண்ணை வை. உன் சப்போரோ வேலை விண்ணப்பத்தை எழுதினது நான், தபால்ல போட்டது ரிட்சு. நீ கண்ணையாவது வை.

— ஏணியைப் பிடிங்க.

— நல்லா வேண்டிக்கிட்டியா?

— வேண்டிக்கிட்டேன். வச்சுட்டேன்.

— ஒத்தைக் கண்ணுல நம்மளையே முறைக்குது பாரு! வேண்டினது நடந்தாத்தான் மறு கண்ணு. வேலை கிடைக்கட்டும்.

— கிடைச்சுடுச்சு.

— என்னது?

— காலையில கூப்பிட்டாங்க. தலைமை நர்ஸ் வேலை. ஏப்ரல்ல சேரணும்.

— அடிப்பாவி! இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமலா பந்து உருட்டின? ரிட்சு, கேட்டியா? நம்ம கனாயே சப்போரோவுக்குப் போறா!

— கேட்டேன். நல்லது. போ.

— போகாம? இந்தச் சின்ன கிளினிக்ல எத்தனை வருஷம் முட்டிவலிக்குக் கட்டுப் போடுவா? எங்களைப் பத்தி யோசிக்காதடி, நாங்க பாத்துக்குவோம். ரிட்சு, ஏன் மூஞ்சியைத் திருப்புற?

— கண்ணுல பனி.

— எனக்கும்தான். சரி, இறங்காத கனாயே. இந்தா, ரெண்டாவது கரி. வை. வேண்டினது நடந்துடுச்சே!

— நடக்கல.

— குளிர்ல மூளை உறைஞ்சு போச்சா? வேலை கிடைச்சுடுச்சுன்னு இப்பத்தானே சொன்ன?

— நான் வேலையை வேண்டிக்கல, டொயோகோ.

— பின்ன என்னத்தை வேண்டின?

— உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்னைப் போகாதேன்னு சொல்லணும்னு. அந்தக் கரி உன் கையிலேயே இருக்கட்டும்.